யானைத் திடலில் ஒரு சதுரங்கம்

ராஜாக்களின் கால் தரையில் படாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் கண்டராயர் என்றொரு ராஜா. கட்டிலை விட்டால் பல்லக்கு, பல்லக்கை விட்டால் சிம்மாசனம். தூக்கம் வராது. எதைக் கண்டாலும் எரிச்சல். வழக்கு விசாரித்தால், இரண்டாம் சாட்சி வருவதற்குள் முதல் சாட்சி சொன்னது மறந்துபோகும்.

ஒருநாள் விகடகவி மாசாத்தனிடம் சீறினார். "ஊரையே சிரிக்க வைக்கிறாயே, என் மண்டையில் கிடக்கும் மூட்டத்தை விலக்கு. ஒரு மண்டலம் கெடு. முடியாவிட்டால் தலை போகும்."

மாசாத்தனைக் கண்டாலே ஆகாத மந்திரி பல்லவரையர் சும்மா இருப்பாரா? "மருந்து கூடாது, பிரபு. திருமேனியை யாரும் தொடக்கூடாது. புத்திமதியும் கூடாது. இவன்தான் கெட்டிக்காரன் ஆயிற்றே!"

மூன்று நாள் மாசாத்தனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் உட்காரவும் முடியவில்லை. கால் போன போக்கில் ஊரைச் சுற்றினான். நடக்க நடக்கப் பயம் தணிந்து யோசனை வந்தது. அது எதனால் வந்தது என்பதும் பிடிபட்டது.

நாலாம் நாள் ராஜாவைச் சதுரங்கத்துக்கு அழைத்தான். யானைத் திடல் முழுக்கச் சுண்ணாம்புக் கட்டம். ஆள் உயரக் காய்கள், அடியில் சக்கரம்.

"தள்ளுங்களடா!" என்றார் ராஜா.

சேவகர்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். ராஜாவின் காயை வேறு யாராவது தொட்டால் விரலை வெட்டுவது அந்த அரண்மனை வழக்கம்.

ராஜாவே தள்ளினார். மாசாத்தன் காய்களை மூலைக்கு மூலை ஓட்டினான். மூச்சு வாங்க, வியர்வை கொட்ட, ராஜா தோற்றார்.

"நாளைக்கும் வாடா, உன்னை விடமாட்டேன்!"

தினமும் ஆட்டம். பத்தாம் நாள் பல்லவரையர் குறுக்கே வந்தார். "காய்களை என் ஆட்கள் தள்ளட்டுமே, பிரபு."

"தள்ளட்டும் சுவாமி," என்றான் மாசாத்தன். "அப்படியே ராஜ முத்திரை மோதிரத்தையும் அவர்களே போட்டுக்கொள்ளட்டும்."

ராஜா மந்திரியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

இருபது நாளில் ராஜாவுக்குத் தூக்கம் வந்தது. முப்பதில் எரிச்சல் தணிந்தது. மாசாத்தனுக்குத்தான் தூக்கமில்லை, தினமும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

கெடு முடிந்த நாள், ராஜாவைத் திணறடிக்கவென்றே மந்திரி ஒரு பழைய வழக்கைக் கொண்டுவந்தார். ஒரே வாய்க்கால். மேலூர்க்காரன் தண்ணீரைத் திருடுகிறான் என்று கீழூர்க்காரனும், கீழூர்க்காரன்தான் திருடன் என்று மேலூர்க்காரனும் மூன்று வருடமாகச் சண்டை. பதினாறு சாட்சிகள்.

ராஜா பதினாறு பேரையும் கேட்டார். பிறகு ஒரே கேள்வி:

"இரண்டு ஊர் வயலும் காய்கிறது. அப்படியானால் தண்ணீர் யார் வயலில் நிற்கிறது?"

"மந்திரியின் மைத்துனர் தோப்பில், மகாராஜா," என்றான் பின்வரிசையில் ஒருவன்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "பல்லவரையரே, வாய்க்காலை இன்றே திறந்துவிடும். நாளை விடியற்காலை திடலுக்கு வாரும். இனி என்னோடு ஆடப்போவது நீர். மாசாத்தா, என் பல்லக்கு இனி உனக்கு!"

"பல்லக்கு வேண்டாம், மகாராஜா," என்றான் மாசாத்தன். "அதில் இருக்கும் மெத்தை போதும். நான் தூங்கி ஒரு மண்டலம் ஆகிறது."