தூங்காத தேனீ சொன்ன வழி

ஓடைக்கரை மருதமரத்துப் பொந்தில் ஒரு தேனீக் கூட்டம் குடியிருந்தது. பூ இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து வந்து கூட்டத்துக்குச் சொல்கிற வேலை பொன்னாத்தாவுடையது.

தேனீக்கள் வழி சொல்வது வாயால் இல்லை, ஆட்டத்தால். பூவைப் பார்த்துவிட்டு வந்தவள் அடையின் மேல் இடுப்பை ஆட்டிக்கொண்டே நடப்பாள். சூரியன் இருக்கிற பக்கமே பூ என்றால் நேர் மேலே நடப்பாள். சூரியனுக்கு வலப்பக்கம் என்றால் வலப்பக்கம் சாய்ந்து நடப்பாள். எவ்வளவு நேரம் இடுப்பை ஆட்டுகிறாளோ, அவ்வளவு தூரம் பறக்க வேண்டும். பொந்துக்குள் இருட்டு. அதனால் மற்றவர்கள் அவள் முதுகைத் தொட்டுத் தொட்டே வழியைப் படித்துக்கொள்வார்கள். சாய்வு கொஞ்சம் மாறினால் போதும், போகிறவர்கள் வேறு எங்கோ போய் நிற்பார்கள்.

அது புரட்டாசி முடியப் போகிற நேரம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் வெளியே தலைகாட்ட முடியாது. அதற்குள் மேலடையில் தேன் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கீழடையில் நெளிகிற குஞ்சுப் புழுக்களுக்குப் பட்டினிதான். அந்த வருஷம் பூவும் குறைவு. இலந்தைப் புதர்களில்தான் கொஞ்சம் இருந்தது, அதுவும் இங்கொன்றும் அங்கொன்றுமாக.

பொன்னாத்தா விடிந்ததும் கிளம்புவாள், பொழுது சாயும்வரை அலைவாள். திரும்பி வரும்போது றெக்கை இரண்டும் அவளுடையது மாதிரியே இருக்காது. வாசலில் கொஞ்சம் உட்கார்ந்தால் எழுந்து உள்ளே போகக்கூட மனசு வராது.

அப்படி உட்கார்ந்த ஒரு சாயங்காலம்தான் சிங்காரத்தைப் பார்த்தாள். சிங்காரம் ஒரு சில்வண்டு. பொந்து வாசலுக்குப் பக்கத்துப் பட்டை இடுக்கில் அந்த வாரம்தான் குடிவந்திருந்தான்.

"என்னக்கா, உடம்பை இழுத்துக்கிட்டு வர்றீங்க?" என்று கேட்டான்.

"எட்டு நடை போயிட்டு வந்தேன் தம்பி. எட்டும் வெறும் நடை."

"அப்ப உக்காருங்க. ஒரு பாட்டு கேட்டா அலுப்பு தானா போயிடும்."

சிங்காரம் றெக்கையோடு றெக்கையை உரசினான்.

"எட்டிப் பாரு எட்டிப் பாரு,
எங்கூட்டு வாசல் தொட்டுப் பாரு."

அது துள்ளல் பாட்டு. கேட்கிறவர் கால் சும்மா இருக்காது. பகலெல்லாம் அலைந்த பொன்னாத்தாவின் ஆறு காலும் தாளம் போட்டன. அலுப்பு உண்மையிலேயே பறந்து போனது மாதிரி இருந்தது. ஒரு பாட்டு மூன்றானது, மூன்று ஏழானது. கூட்டம் முழுக்கத் தூங்கிய பிறகுதான் அவள் உள்ளே போனாள்.

அடுத்த நாளும் போய் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும்.

அவள் படுக்கும் இடத்துக்குக் கீழேதான் வேம்பாயி வேலை செய்வாள். இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே அடையிலிருந்து வெளியே வந்தவர்கள். போன மாதம் இலந்தை முள்ளில் மாட்டி வேம்பாயியின் றெக்கை ஓரம் கிழிந்துவிட்டது. தூரம் பறக்க முடியாது. ஆகவே உள்ளேயே இருந்து, தண்ணீராக வந்து சேரும் தேனை றெக்கையால் விசிறி வற்ற வைப்பாள்.

"ஏன்டி, ராத்திரி நீ தூங்கினியா இல்லையா?" என்று வேம்பாயி கேட்டாள்.

"நல்லாத்தானே தூங்கினேன்."

"தூங்கினா உணர்கொம்பு தொங்கிப் போகும். உன்னோட ரெண்டும் விடியிற வரைக்கும் தாளம் போட்டுச்சு."

"போடி. பாட்டு கேட்டுட்டுப் படுத்தா எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா?"

"உனக்குச் சுகமா இருக்கலாம். உன் மூஞ்சி அப்படிச் சொல்லலை."

வேம்பாயி சொன்னதுதான் நிஜம். ஒரு தேனீ பகலில் பார்த்த மரம், பாறை, வாய்க்கால் எல்லாம் தலைக்குள் தாறுமாறாகக் குவிந்து கிடக்கும். தூக்கத்தில்தான் அவை ஒவ்வொன்றாக நகர்ந்து அதனதன் இடத்தில் போய் உட்காரும். பொன்னாத்தாவின் தலையிலோ பாட்டு நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. வேறெதற்கும் அது இடம் கொடுக்கவில்லை.

நாலாம் நாள் காலை அவள் வடக்குப் பாறையோரம் ஒரு பூத்த இலந்தையைப் பார்த்துவிட்டு வந்து ஆடினாள். பத்துப் பேர் போனார்கள். வெறும் வயிற்றோடு திரும்பி வந்தார்கள்.

அவர்களில் மாரக்காள்தான் மூத்தவள். வாயும் அவளுக்குத்தான் பெரிசு.

"அங்க பூ எங்கடி இருக்கு? ஒரு எருமை சேத்துல படுத்திருந்துச்சு. அதுகிட்டத் தேன் கறந்துட்டு வரணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னாத்தாவுக்குச் சுருக்கென்றது. "நான் சரியாத்தானே ஆடினேன்" என்றாள்.

"ஆட்டம் நல்லாத்தான் இருந்துச்சு. அதுல வழிதான் இல்லை" என்றாள் மாரக்காள்.

மாரக்காள் சும்மா கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் நடந்தது அதேதான். நீளமாக ஆட வேண்டிய இடத்தில் பொன்னாத்தாவின் இடுப்பு விட்டு விட்டு, துள்ளித் துள்ளி ஆடியிருந்தது. எட்டிப் பாரு, எட்டிப் பாரு. அது அவளுக்கே தெரியவில்லை.

'உடம்பு அசதி, வேறொன்றும் இல்லை' என்று நினைத்தாள். அசதி போக அன்று சாயங்காலம் இன்னும் இரண்டு பாட்டு அதிகமாகவே கேட்டாள்.

ஆறாம் நாள் அவளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கைவிட்டுப் போன ஒரு கல்லுக்குழிக்குப் பின்னால் சரிவு முழுக்க இலந்தை. ஒரு புதர் பாக்கி இல்லாமல் பூத்திருந்தது. அந்த ஒரு சரிவு போதும், மேலடை நிரம்பிவிடும். கண் எரிச்சலையும் தலைபாரத்தையும் மறந்து பறந்து வந்தாள். வந்த வேகத்தில் ஆடினாள்.

"நிறைய இருக்கு. எல்லாரும் வாங்க."

முப்பது பேர் அவள் முதுகைத் தொட்டுப் படித்துக்கொண்டு கிளம்பினார்கள். முன்னால் போனவள் மாரக்காள். பொன்னாத்தா மூச்சு வாங்கிக்கொண்டு அப்புறம் போகலாம் என்று அடையிலேயே சாய்ந்தாள். சாய்ந்தவளுக்குக் கண் சொருகிவிட்டது.

அவர்கள் கல்லுக்குழிக்குப் போகவில்லை. ஆட்டத்தின் நடுவில் பாட்டு வந்து புகுந்துவிட்டது. அந்தத் துள்ளலில் அவள் இடப்பக்கம் சாய்ந்து ஆடியிருந்தாள். இடப்பக்கம் இருந்தது ஓடை தாண்டிய கரண்டுக் கம்பி. அந்தக் கம்பியில் பஞ்சுருட்டான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தேனீயைப் பறக்கிற பறப்பிலேயே கவ்வித் தின்கிற குருவிகள் அவை.

முப்பது பேர் போனார்கள். இருபத்திரண்டு பேர்தான் வந்தார்கள்.

பொன்னாத்தா எழுந்து அடையெல்லாம் தேடினாள்.

"மாரக்கா எங்க?" என்று கேட்டாள்.

வந்தவர்களில் ஒருத்தி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ சொன்ன வழியிலதான் போனா" என்றாள்.

அன்றிலிருந்து பொன்னாத்தா ஆடத் தொடங்கினால் எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். கல்லுக்குழி இலந்தையோ யாரும் தொடாமல் பூத்து நின்றது. மேற்கே மேகம் கூடத் தொடங்கியிருந்தது. கீழடையில் குஞ்சுப் புழுக்கள் வாயைத் திறந்து திறந்து மூடின.

பொன்னாத்தா சிங்காரத்திடம் போனாள். கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

"உன் பாட்டால எட்டுப் பேர் போயிட்டாங்க தம்பி."

சிங்காரம் றெக்கையை மடக்கிக்கொண்டான்.

"கேக்கவே கஷ்டமா இருக்குக்கா. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இது ஜோடியைக் கூப்பிடுற பாட்டு. எங்கேயோ தூங்கிக்கிட்டிருக்கிறவளை எழுப்பி இங்க வரவைக்கிற பாட்டு. இதைக் கேட்டுத் தூக்கம் வந்துச்சுன்னா, நான் பாடுறதே சரியில்லைன்னு அர்த்தம்."

"அப்படின்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க தூங்கத்தான் கேக்குறீங்கன்னு எனக்கென்ன தெரியும்? தினமும் முன்வரிசையில வந்து உக்காந்து, இன்னொண்ணு பாடுன்னு கேட்டீங்க. எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு."

பொன்னாத்தா அவனை விட்டுத் திரும்பி நடந்தாள்.

அன்று வாசலில் உட்காராமல் நேரே உள்ளே போனாள். ஒரு சத்தமும் வராத பின்மூலையாகப் பார்த்துப் படுத்தாள். அங்கேயும் தூக்கம் வரவில்லை. வெளியே பாட்டு இல்லாவிட்டால் என்ன, தலைக்குள் அது தானாகவே ஓடியது. பாட்டு கொஞ்சம் ஓய்ந்தால் மாரக்காளின் குரல் கேட்டது. அங்க பூ எங்கடி இருக்கு?

விடியும்வரை பொறுக்க முடியாமல் எழுந்து வேம்பாயியிடம் போனாள்.

"என்னால முடியலைடி."

வேம்பாயி விசிறுவதை நிறுத்தவில்லை. "இங்கேயே ஓரமாப் படு" என்றாள்.

"இங்க என்ன பாட்டு இருக்கு?"

"பாட்டா? என் ஓட்டை றெக்கைச் சத்தந்தான் இருக்கு. ம்ம்ம்னு ஒரே மாதிரி. கேக்குறதுக்கு அதுல ஒண்ணுமே கிடையாது. என் பக்கத்துல வேலைக்கு வந்தவளுங்க எல்லாம் நின்னபடியே தூங்கிடுறாளுங்க. எனக்கு அதுதான் வயித்தெரிச்சல்."

பொன்னாத்தா படுத்தாள். பழக்கதோஷத்தில் அடுத்த அடி எப்போது வரும் என்று காத்திருந்தாள். அடுத்த அடி வரவேயில்லை. அந்த ரீங்காரத்துக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. தாளம் போட ஓர் இடமும் இல்லை. காத்திருப்பதற்கு எதுவும் இல்லாதபோது மனசு காத்திருப்பதை விட்டுவிட்டது. மூச்சு மெல்ல இறங்கியது. உணர்கொம்பில் ஒன்று தொங்கியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் தொங்கியது.

ஒரே ராத்திரியில் எல்லாம் சரியாகிவிடவில்லை. நடுவில் இரண்டு தடவை திடுக்கிட்டு விழித்தாள். மறுநாள் ஒரு தடவை. மூன்றாம் நாள் அவள் கண் விழித்தபோது வாசலில் வெயில் வந்துவிட்டிருந்தது.

தலை லேசாக இருந்தது. நினைத்துப் பார்த்தாள். முதலில் ஒற்றைப் பனை, அப்புறம் காய்ந்த வாய்க்கால், அதைத் தாண்டினால் கல்லுக்குழி. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. ஆனாலும் நினைவை மட்டும் நம்பி அவள் ஆடவில்லை. ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, கால் நிறைய மகரந்தத்தோடு வந்த பிறகுதான் அடையில் ஏறினாள்.

ஆடினாள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை.

மறுபடியும் ஆடினாள். முதுகில் ஓர் உணர்கொம்பு பட்டது. வேம்பாயி. விசிறுவதை விட்டுவிட்டு வந்திருந்தாள். கடைசிவரை தொட்டுப் பார்த்தாள்.

"இவ இடுப்புல இன்னைக்குப் பாட்டு இல்லைடி. வழிதான் இருக்கு" என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

"நீ போவியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இந்த றெக்கையை வச்சிக்கிட்டு ஓடை வரைக்கும்கூடப் போக முடியாது. முடிஞ்சா உன்கிட்ட ஏன் கெஞ்சுறேன்?"

"எட்டுப் பேரை அனுப்பியாச்சு. இன்னும் யாரை அனுப்பச் சொல்ற?"

அப்போது பொன்னாத்தா சொன்னாள். "யாரும் தனியாப் போக வேணாம். நான் முன்னால போறேன். ரெண்டு பேர் மட்டும் பின்னால வாங்க. குருவி வந்தா முதல்ல என்கிட்டத்தான் வரும்."

இரண்டு பேர் தயங்கித் தயங்கிக் கிளம்பினார்கள். உச்சி வெயிலில் மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். வயிறு முட்டத் தேன். பின்னால் போனவர்கள் நேரே அடையில் ஏறி, பொன்னாத்தா ஆடியதையே தாங்களும் ஆடினார்கள். அப்புறம் கூட்டமே கிளம்பியது.

மழை வர இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் ஓட்டம். அலுப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு அது.

நடுவில் ஒருநாள் இளவெயில் நேரத்தில் சிங்காரம் பாடிக்கொண்டிருந்தான். பொன்னாத்தா நின்று ஒரு பாட்டு கேட்டாள். கால் துள்ளத்தான் செய்தது.

"இன்னொண்ணு பாடட்டுமாக்கா?" என்றான்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா சாயங்காலம் நீ பாடுறது உன் ஜோடிக்கு. என்னைக் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டுப் பறந்தாள்.

ஏழாம் நாள் மழை இறங்கியது. மேலடை நிரம்பி வழியவில்லை, முக்கால்வாசிதான் ஏறியிருந்தது. குஞ்சுப் புழுக்களுக்கு அது போதும். எட்டுப் பேர் படுத்த இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. பொன்னாத்தா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு வேம்பாயியின் ஓரமாகப் போய்ப் படுத்தாள். தூங்கிப்போனாள்.

துள்ள வைக்கிற பாட்டைப் பகலில் ஆசைதீரக் கேளுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் மனதை அடங்கவிடும் மெல்லிய ஓசையை மட்டும் காதுக்குக் கொடுங்கள், ஏனென்றால் தூங்கும் முன் தலைக்குள் புகுந்ததுதான் மறுநாள் நம்மை நடத்திச் செல்லும்.