படுக்க மறுத்த விரல்

ஓர் இடது கையில் ஐந்து விரல்கள் குடியிருந்தன. கைக்குச் சொந்தக்காரி தங்கபுஷ்பம். மகளைக் கட்டிக்கொடுத்து, மகனை வேலைக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் கணவர் ஆசீர்வாதமும் தானுமாக இருந்தவள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடதுகைப் பழக்கம். அதனால் எந்த வேலைக்கும் முன்னால் போய் நின்றது இந்த ஐந்து பேர்தான்.

ஐந்து பேரிலும் ஆள்காட்டி விரலுக்குத்தான் மவுசு அதிகம். சேலைக் கடையில் மேல்தட்டைக் காட்டுவது அது. ஒட்டடை தொங்கும் மூலையைக் காட்டுவது அது. பால் அளவில் குறைந்தால் பால்காரருக்கு நேராக நீள்வதும் அதுதான். அது நீளும்போது மற்றவர்கள் உள்ளங்கைக்குள் மடங்கி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவன் நிமிர்ந்து நிற்க வேண்டும், மற்றவர்கள் மடங்க வேண்டும், கடவுள் கையைப் படைத்ததே அப்படித்தான் என்று ஆள்காட்டி நினைத்திருந்தது.

கட்டைவிரலை எல்லோரும் மாமா என்று கூப்பிட்டார்கள். மோதிரம் போட்டிருந்ததால் மோதிர விரலுக்கு மாப்பிள்ளை என்று பேர். நடுவிரல் நெட்டையன். சுண்டு விரல் வெறும் சுண்டு.

அந்த வீட்டுக்குக் கிட்டார் வந்ததே ஆள்காட்டியால்தான். வேதக்கோயிலில் அன்று அறுப்பின் பண்டிகை. சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காய், முருங்கைக்காய், சேவல் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம் விட்டார்கள். தங்கபுஷ்பம் ஒரு ரஸ்தாளி வாழைத்தாரின் மேல் கண் வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் மருமகள் கதையை எடுத்தாள். கதைக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பி, ஆள்காட்டியை உயர்த்தியபோது தார் யாருக்கோ போய்விட்டிருந்தது. மேசை மேல் யாரோ காணிக்கையாக வைத்த பழைய கிட்டார் ஏறியிருந்தது. வேறு ஒரு கையும் உயரவில்லை. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்.

கடவுளுக்குப் படைத்ததை ஏலத்தில் எடுத்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. பணத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆசீர்வாதம் வாசலிலேயே பார்த்துவிட்டார்.

“தார் எடுக்கப் போனவ தம்புராவோட வாரா. இதைப் பழுக்கப் போட்டா எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டார்.

அவள் சிரித்துக்கொண்டே அதை அலமாரிக்கு மேலே வைத்தாள். அது அங்கேயே இருந்திருக்கும். ஆனால் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி எமிலி டீச்சர் காதுக்குச் செய்தி போய்விட்டது.

வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோயிலில் பெண்களே ஆராதனை நடத்துவார்கள். சங்கமே எழுந்து நின்று ஒரு நன்றிப் பாட்டுப் பாடும். சங்கத்தில் பாதிப் பேர் வயதானவர்கள். கீபோர்டு வாசித்த பெண் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டதால், போன வருஷம் போனில் இசையை ஓடவிட்டு அதோடு சேர்ந்து பாடினார்கள். இசை தன் பாட்டுக்கு ஓடியது. மூத்தவள் சூசம்மாள் மூச்சு வாங்க நின்றாள், அது நிற்கவில்லை. இவர்கள் கடைசிச் சரணத்தில் பாதி வந்தபோது ஸ்பீக்கர் ஓய்ந்துவிட்டது. இளவட்டங்கள் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சூசம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் கோயிலில் வாய்திறந்து பாடவேயில்லை.

“அந்த ஸ்பீக்கர்ப் பெட்டி யாருக்காகவும் நிக்காது. நீ நிப்பே, தங்கபுஷ்பம்,” என்றாள் எமிலி டீச்சர். “நீ வாசிச்சா சூசம்மாக்காவைப் பாட வச்சிரலாம்.”

ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்றாள் தங்கபுஷ்பம். ஜெபம் பண்ணினாள். அடுத்த நாள் மத்தியானம் அலமாரி மேலிருந்து கிட்டாரை இறக்கினாள். தூசி தட்டி, போனில் ஒரு பாடத்தைப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் எல்லா விரலுக்கும் ஒரே அழுகை. கம்பி நுனியில் பதிந்து கோடு போட்டது. நெட்டையன் எரிகிறது என்றது. மாப்பிள்ளைக்கு மோதிரத்தைக் கழற்றிவைத்தது அவமானமாக இருந்தது. தினம் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு வைத்துவிடுங்கள், ஒரே மூச்சில் வாசித்தால் விரல் வெறுத்துப்போகும் என்று பாடம் சொன்னவர் சொல்லியிருந்தார். அவள் அப்படியே செய்தாள். மெல்ல நுனித்தோல் தடித்தது. வலி போய், சில கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற பிடிகள் ஒவ்வொன்றாகக் கைவந்தன. ஆள்காட்டி எல்லாப் பிடியிலும் நிமிர்ந்து நின்று தன் ஒரு கம்பியை அழுத்தியது. இவ்வளவுதானா சங்கதி என்று அதற்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போதுதான் எஃப் என்ற பிடி வந்தது.

அந்தப் பிடியில் நெட்டையனும் மாப்பிள்ளையும் சுண்டும் முன்னால் நிற்க வேண்டும். ஆள்காட்டி அவர்களுக்குப் பின்னால், கிட்டாரின் கழுத்துக்குக் குறுக்கே, ஆறு கம்பியின் மேலும் நீளமாகப் படுக்க வேண்டும். பாட்டில் ‘நன்றி’ என்ற சொல் விழும் இடத்தில் அந்தப் பிடிதான் வரவேண்டும்.

“யாரு, நானா?” என்றது ஆள்காட்டி. “சுண்டு நிக்க, நான் படுக்கவா?”

“எனக்கு ஆட்சேபணை இல்லண்ணே,” என்றது சுண்டு.

ஆள்காட்டி படுக்கவில்லை. அரைகுறையாகச் சாய்ந்தது. இரண்டு கம்பி பாடியது. நான்கு கம்பி தொண்டை கட்டினதுபோல முனகியது. ஆள்காட்டி தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. கிட்டாரைக் காட்டியது. கம்பி தடிப்பு, கழுத்து கோணல், ஏலத்தில் வந்த சரக்கு வேறெப்படி இருக்கும் என்றது. தங்கபுஷ்பத்துக்கும் அப்படித்தான் பட்டது.

கிட்டாரை ஒரு சேலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி, டவுனில் பெலிக்ஸ் என்பவரின் இசைக்கருவிக் கடைக்குப் போனாள். கடைச் சுவரில் கருநீலத்தில் ஒரு புதுக் கிட்டார் கண்ணைப் பறித்தது. உள்ளே நுழைந்ததும் ஆள்காட்டி அதைத்தான் காட்டியது.

பெலிக்ஸ் அதை இறக்கவில்லை. இவள் கிட்டாரை வாங்கி, கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்தார். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தார். எஃப் பிடியைப் பிடித்து ஒரு தடவை தட்டினார். ஆறு கம்பியும் சேர்ந்து பாடியது. ஆள்காட்டிக்கு முகம் சுருங்கியது.

“இதுக்கு ஒரு குறையும் இல்லக்கா,” என்றார் பெலிக்ஸ். “கம்பி மட்டும் துருப்பிடிச்சிருக்கு. கொஞ்சம் மெல்லிசாப் போட்டுத் தாரேன், விரலுக்குச் சுகமா இருக்கும். சுவத்துல தொங்குறதை வாங்கினீங்கன்னாலும் திரும்ப இந்தப் பிடியிலதான் வந்து நிப்பீங்க.”

அவள் புதுக்கம்பி போட்டுக்கொண்டாள். கிளம்பும்போது ஆள்காட்டி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு கவ்வியைக் காட்டியது. கிட்டார் கழுத்தைக் கவ்வி, ஆறு கம்பியையும் ஒரேயடியாக அழுத்திப் பிடிக்கிற சாமான். கேப்போ என்று பேர். நாம் படுக்கவேண்டிய வேலைக்கு ஒரு கூலியாள் கிடைத்தான் என்று ஆள்காட்டி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டது.

புதுக்கம்பி சுகமாகத்தான் இருந்தது. மற்ற பிடிகள் தேன்போல ஒலித்தன. கேப்போவும் நல்ல உழைப்பாளி. வைத்த இடத்தில் கவ்விக்கொண்டு அசையாமல் நின்றது. ஆள்காட்டி அதனிடம் நயமாகப் பேச்சுக் கொடுத்து, இந்த எஃப்பையும் நீயே பார்த்துக்கொள்ளேன் என்றது.

“பாட்டோட சுருதியை மேலே ஏத்தணும்னா சொல்லுங்க, ஏத்துதேன்,” என்றது கேப்போ. “சில பாட்டுக்குப் படுக்கிற பிடியே வராமலும் பண்ணிரலாம். உங்க பாட்டு அப்படியில்ல. நான் எந்தக் கட்டத்துல நின்னாலும் எங்கேயாவது ஒரு இடத்துல நீங்க படுக்க வேண்டி வரும். எனக்குப் பாட்டுக்கு நடுவுல எந்திரிச்சு ஓடத் தெரியாதுல்லா.”



சங்கத்துப் பெண்கள் ஒத்திகைக்கு வீட்டுக்கு வந்தார்கள். எமிலி டீச்சர் எப்படியோ சூசம்மாளையும் கூட்டிவந்திருந்தாள். தங்கபுஷ்பம் வாசித்தாள். பாட்டு நன்றாகத்தான் போனது. ‘நன்றி’ வரும்போதெல்லாம் கிட்டார் ஊமையானது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் கைவிடப்பட்டதுபோல் தனியே நின்றது. மூன்றாம் சரணத்தில் சூசம்மாள் மெல்ல வாய்திறந்து அந்த ஒரு சொல்லை மட்டும் இழுத்துப் பாடினாள்.

“அந்த இடத்தை நாங்க தூக்கிக்கிடுதோம் மக்ளே. நீ கவலைப்படாத,” என்றாள்.

அவர்கள் போனபிறகு தங்கபுஷ்பம் கிட்டாரைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். மூச்சுக்குத் திணறுகிற சூசம்மாளை நம்மைத் தூக்கிச் சுமக்க வைக்கிறோமே என்று நொந்துகொண்டாள். நம்மால் ஆகாது, எமிலி டீச்சரிடம் சொல்லிவிடலாம், பழையபடி போனிலேயே இசையைப் போட்டுக்கொள்ளட்டும் என்று முடிவு பண்ணினாள். போனை எடுத்தாள். டீச்சர் பேரைத் தேடினாள். பச்சை வட்டத்தை அழுத்த வேண்டியது ஆள்காட்டி.

ஆள்காட்டி வட்டத்தின் மேல் போய் நின்றது.

எத்தனையோ எண்களை அழுத்திய விரல் அது. இதை அழுத்தினால் தொல்லை தீர்ந்தது. இனி யாரும் அதைப் படு என்று சொல்லப் போவதில்லை; கிட்டார் அலமாரி மேலே போய்விடும். ஆனால் சூசம்மாள் மறுபடியும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். யார் மேல் குறை சொல்லலாம் என்று அது சுற்றுமுற்றும் பார்த்தது. கிட்டார் மேல் குறையில்லை. கம்பி புதுசு. கேப்போ நியாயத்தைச் சொல்லிவிட்டது. காட்டுவதற்கு ஒரு திசையும் மிச்சமில்லை.

அழுத்தவில்லை. தங்கபுஷ்பத்தின் மனசும் அதே இடத்தில்தான் தடுமாறியது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடி, ஆண்டவரே, இன்னும் ஒரே ஒரு தடவை என்றாள். கிட்டாரை எடுத்தாள்.

“மாமா,” என்று ஆள்காட்டி மெல்லக் கூப்பிட்டது. “எப்படிப் படுக்கணும்?”

கட்டைவிரல் கிட்டார் கழுத்துக்குப் பின்னாலிருந்து பேசியது. “வந்த நாள்லயிருந்து நான் இங்கன பின்னாலதான் இருக்கேன். பாட்டு கேட்ட யாராவது என்னைப் பார்த்தாங்களா? அதுனால எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு? நீ படு. உனக்கு நேரா நான் தாங்கிக்கிடுதேன்.”

ஆள்காட்டி படுத்தது. கோபத்தோடு இறுக்கி அழுத்தியது. கம்பிகள் முனகின.

“நசுக்காதீங்க,” என்றது தடித்த கம்பி. “லேசா ஒருக்களிச்சுப் படுங்க. அந்தப் பட்டையை ஒட்டி வாங்க. மிச்சத்தைக் கையோட பாரம் பார்த்துக்கிடும்.”

ஆள்காட்டி ஒருக்களித்தது. கழுத்தில் பதித்திருந்த உலோகப் பட்டையை ஒட்டி நகர்ந்தது. இறுக்கத்தை விட்டது. நெட்டையனும் மாப்பிள்ளையும் சுண்டுவும் அதற்கு முன்னால் இடம் பார்த்து நின்றார்கள். வலது கை ஒருமுறை வருடியது.

ஐந்து கம்பி பாடியது. ஒன்று இன்னும் முனகியது. ஒரு நெல்லளவு நகர்ந்தது ஆள்காட்டி. ஆறும் பாடியது.

இத்தனை நாள் நிமிர்ந்து நின்றபோது அதற்கு ஒரு கம்பியின் அதிர்வுதான் தெரிந்திருந்தது. இப்போது ஆறு கம்பியும் அதன் உடம்பு நெடுகிலும் நடுங்கி ஓடியது. நுனியிலிருந்து அடிக்கணு வரை பாட்டு. வெட்கப்படலாம் என்று நினைத்திருந்த விரல், வெட்கப்பட மறந்துபோய்க் கிடந்தது.

உள்ளேயிருந்து ஆசீர்வாதம் எட்டிப் பார்த்தார். “என்னது, வேற யாரும் வாசிக்காங்களா?” என்று கேட்டார்.

பெண்கள் ஞாயிறு வந்தது. சங்கத்தார் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். தங்கபுஷ்பத்துக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் சரணம் தொடங்கியது. அந்த இடம் நெருங்கும்போது தங்கபுஷ்பம் உள்ளுக்குள் “இப்ப, இப்ப” என்று சொல்லி ஆள்காட்டியைப் படுக்க வைத்தாள். ஆறு கம்பியும் வந்து ‘நன்றி’க்குக் கீழே பாய் விரித்ததுபோல் நின்றன.

சூசம்மாளின் குரல் அந்தச் சொல்லில் ஏறியது. பாதியில் மூச்சு முட்டியது. தங்கபுஷ்பம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதே பிடியில் காத்திருந்தாள். வலது கை மெல்ல வருடிக்கொண்டேயிருந்தது. சூசம்மாள் நிதானமாக மூச்சை இழுத்து, சொல்லை முடித்தாள். பிறகுதான் பாட்டு நகர்ந்தது. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் சிலர் கூடப் பாட ஆரம்பித்தார்கள்.

அடுத்த சரணம். தங்கபுஷ்பத்தின் கண் நிறைந்திருந்தது. எந்த இடத்தில் இருக்கிறோம் என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

அந்த இடம் வந்தது. யாரும் சொல்லவில்லை. ஆள்காட்டி தானாகவே படுத்தது.