மஞ்சள் படாத இரண்டு போல்ட்

"எட்டு போல்ட்டுக்கும் மஞ்சள் கோடு போடு. இல்லைன்னா சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பு!" என்று டிசைன் என்ஜினியர் பிரதாப் கத்தினார்.

பல்லடத்தில் புது நூல் மில்லின் கூரை வேலை. இரும்பு உத்திரத்தின் நுனியில் பற்றவைத்த தகட்டை எட்டு போல்ட் போட்டுத் தூணோடு பிடிக்க வேண்டும். ஃபிட்டர் இருளப்பன் ஆறை இறுக்கி, இறுகியதற்கு அடையாளமாக மஞ்சள் கோடும் போட்டுவிட்டார். மீதி இரண்டு துளைகளை இந்த என்ஜினியர் மேதாவி உத்திரத்தை ஒட்டியே வரைந்து வைத்திருந்தார். அங்கே ஸ்பேனர் திரும்ப இடமே இல்லை. விரலால் திருகிவிட்டதோடு சரி.

"டிராயிங்ல தப்பே வராது. உன் கைதான் கோணல். ஓனர் வர்றாங்க, போடு!"

கீழே நூறு பெண்கள் நின்று வேலை பார்க்கப்போகிற இடம். இருளப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலாளியம்மா சாரத்தில் ஏறி வந்ததும், இருளப்பன் பெயிண்ட் டப்பாவை ரொம்பப் பணிவாக பிரதாப்பிடம் நீட்டினார்.

"சார், இறுக்கினவன்தான் கோடு போடணும், அது எங்க தொழில் வழக்கம். ஆறு நான் இறுக்குனது. இந்த ரெண்டும் இறுகியிருக்குன்னு நீங்கதானே சொல்றீங்க? உங்க கையாலயே போட்டுடுங்க."

"போடுங்க தம்பி, அதுக்கென்னங்க யோசனை?" என்றார் முதலாளியம்மா.

பிரதாப்பின் பிரஷ் போல்ட் வரைக்கும் போய் அப்படியே நின்றது. நாளைக்கு ஏதாவது விழுந்தால் கோடு யாருடையது என்றுதானே கேட்பார்கள்?

முதலாளியம்மா இரண்டு விரலால் நட்டைத் தொட்டார். அது பம்பரமாகச் சுற்றியது.

துளைகளைத் தள்ளி வரைந்து புதுத் தகடு வரும்வரை மில் திறக்கவில்லை. அதுவரை அந்த இரண்டு போல்ட்டும் கோடு இல்லாமலே இருந்தன. நடுவே பிரதாப்பின் ஆட்கள் இருளப்பனைக் கோடு போடச் சொன்னார்கள். இறுகாத போல்ட்டுக்கு அவர் போடவில்லை.