யானை கேட்ட விளக்கம்

நான் வார்த்தைகளை முழுங்குகிறேனாம்! வேகம் பிடித்தால் பாதி புரியவில்லையாம்! அதனால் பட்டிமன்ற அணியில் என் இடத்தை வேறொருத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் துறைத்தலைவர் மேடம். தெளிவாகப் பேசுவதைப் பற்றி எனக்கே பாடமா?

கேன்டீன் மேசைமேல் நான் டம்ளரை வைத்த வேகத்தில் பாதி டீ ஜெபக்கனியின் பஜ்ஜிக்குப் போய்விட்டது.

"என்.எஸ்.எஸ். முகாம்ல பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பழமொழி சொல்லிக் குடுத்தது யாருட்டி? நான்!"

"சொல்லு, கேக்கலைன்னா விடவா போற?" என்றாள் ஆவுடை.

"வாயைத் திறந்து, நிறுத்தி, கடைசி எழுத்துவரைக்கும் சொல்லணும்னு பழக்கினேன். ஒருத்தி மழையைப் பத்தின பழமொழியைச் சொன்னா பாரு, ஊரே ஓடிப்போய்க் காயப்போட்ட துணியை எடுத்துட்டு."

"மழை வந்துச்சா?"

"வராம? அவ்வளவு தெளிவா கூப்பிட்டா!"

ஜெபக்கனிக்குப் புரையேறியது. பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

"அடுத்து மொத்த வகுப்பும் யானைப் பழமொழியைச் சொல்லுச்சு. முதுமலையில ஒரு யானைக்குக் கேட்டுட்டு. பஸ் பிடிச்சு வந்துட்டு."

"யானை பஸ்ல எப்படிட்டி ஏறும்?"

"எங்கே ஏறுச்சு? படியில தொங்கிக்கிட்டே வந்துச்சு. 'உள்ளே போ, உள்ளே போ'ன்னு கத்தியே கண்டக்டருக்குத் தொண்டை போச்சாம். பள்ளிக்கூட வாசல்ல நின்னு, 'எங்களைப் பத்தி இத்தனை பழமொழி வச்சிருக்கீங்களே, எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?'ன்னுச்சு. பின்னாலேயே கழுதை, காக்கா, நரின்னு எல்லாம் வரிசை கட்டிட்டு. நாய்க்குத்தான் கோபம் அதிகம். நியாயந்தானே?"

"நீ என்ன செஞ்ச?"

"பெஞ்சு மேல ஏறினேன். 'தலைமுறை தலைமுறையா உங்களை வாயில வச்சுக் கொண்டாடுறோம். சிங்கத்தைக் கேட்டுப் பாருங்க, அதுக்கு இதுல பாதிகூட இல்லை'ன்னு ஒரே போடு! யானை கண் கலங்கிட்டு. 'இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லம்மா'ன்னு சொல்லிட்டு, திரும்பிப் போறப்ப ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கிட்டுப் போச்சு."

கேன்டீனே சிரித்தது. ஆவுடை மட்டும் சிரிக்கவில்லை.

"யானை வாயையே அடைச்சவ, மேடம் உன் பேரை அடிச்சப்ப என்னட்டி பேசின?"

டம்ளரைப் பார்த்தேன். அதில் டீ இல்லை.

"'சரி மேடம்'னேன்."

"அவ்வளவுதானா? ஏன்?"

"யானை கையிலயாட்டி இன்டர்னல் மார்க் இருக்கு?"