தலை தூக்காத ஷாட்

தூத்துக்குடி பில்லியர்ட்ஸ் லீக்கில் கேப்டன் மிராண்டா அண்ணாச்சி வைத்ததுதான் சட்டம். ஜெஸிந்தா டீமில் இடம் கேட்டால் ஒரே ஒரு ஷாட் அடிக்க விடுவார். பந்து குழியில் விழுந்தாலும், "அடிக்கும்போது தலையத் தூக்கிட்ட, போய் உக்காரு" என்பார். இரண்டு சீசனாக அவள் ஏக்கத்தோடு மற்றவர்களுக்குப் பந்து அடுக்கிக் கொடுத்தாள்.

அன்று எதிர் டீம் வந்து நிற்க, வேடிக்கை காட்ட அவளை அடிக்கச் சொன்னார். பந்து விழுந்தது. மேசைமேல் குனிந்தவள் நிமிரவில்லை.

"எந்திரிம்மா, மேட்ச் ஆரம்பிக்கணும்."

"எந்திரிச்சா தலையத் தூக்கிட்டேன்னு சொல்லுவியளே அண்ணாச்சி."

எதிர் டீம் விழுந்து விழுந்து சிரித்தது. மிராண்டா பல்லைக் கடித்தார். "சரி, முதல் ஆட்டம் நீயே ஆடு. எந்திரி."

அப்போதும் அவள் எழவில்லை. மேசையின் அந்தப் பச்சைத் துணியை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் பார்க்க அவளை யாரும் விட்டதில்லை.