ஒரு ஜோடிக் கால்

ஆனைக்குழிக் குளத்து மடைக்குப் பக்கத்தில் ஒரு கல் மண்டபம் உண்டு. அதில் சங்கரவடிவு என்ற பெண் துறவி இருந்தாள். வயது முப்பத்தைந்துதான். அவளிடம் ஞானம் கேட்க வந்த சீடர் ஆவுடையப்பருக்கோ அறுபத்திரண்டு. ஊரிலேயே பெரிய நிலக்காரர். முதல் மடைத் தண்ணீர் அவருடைய அறுபது ஏக்கரையும் நனைத்துவிட்டுத்தான் அடுத்தவன் வயலை எட்டிப் பார்க்கும்.

மனைவி போன பிறகு அவருக்கு மனசு எதிலும் ஒட்டவில்லை. ஒரு வருஷமாகத் தினமும் மண்டபத்துக்கு வருவார். அவள் பேசினால் கேட்பார். பேசாவிட்டால் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்.

அன்று உச்சிவேளையில் வந்தவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

“அம்மா, எனக்கு ஒரு நியாயம் சொல்லணும்.”

“நியாயம் கேக்குதீங்களா? இல்ல, நீங்க நினைக்கிறதுக்கு என்னை ஆமான்னு சொல்லச் சொல்லுதீங்களா?”

வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போயிருப்பார். இவளிடம் முடியவில்லை.

விஷயம் இதுதான். போன மழையில் குளத்தின் கரை ஓரிடத்தில் சரிந்துவிட்டது. அடுத்த ஐப்பசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. கரைக்கு நேர் கீழே கீழத்தெருவில் நாற்பது வீடு. கரை உடைத்துக்கொண்டால் அவர்களுக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூட நேரம் இருக்காது. ஆவுடையப்பரின் வீடு மேட்டில் இருந்தது.

வீட்டுக்கு இருபது கூடை களிமண், அதை மிதித்து இறுக்க ஒரு ஜோடிக் கால். வருஷா வருஷம் கரை வேலைக்கு ஊரில் அதுதான் வழக்கம். ஏறக்குறைய எல்லா வீட்டு மண்ணும் வந்து விழுந்தும் உடைப்பு பாதிதான் மூடியிருந்தது. மீதியை வசதி உள்ளவர்கள் கூடுதலாகப் போடட்டும் என்று கீழத்தெருக்காரர்கள் கேட்டார்கள். சாயங்காலம் ஊர்க்கூட்டம். கூட்டம் என்று பெயரே தவிர, ஆவுடையப்பர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுக் கலைவதுதான் நடப்பு.

“அவங்க ஒரு வீடு, நானும் ஒரு வீடு. அவங்களுக்கு இருபது கூடை, எனக்கும் இருபது கூடை. சமம்னா இதானே சமம்? சம்பாதிச்சவன் கூடப் போடணும்னா, சம்பாதிச்சது குத்தமா?”

சங்கரவடிவு கரைப் பக்கம் பார்த்தாள். கரையில் வேலை செய்தவர்கள் எல்லாரும் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். கீழத்தெரு மாடத்தி மட்டும் தனியாக மண் சுமந்துகொண்டிருந்தாள். கணவன் செத்து மூன்று வருஷம். ஒண்டிக்காரி என்பதால் அவள் வீட்டு மண் இன்னும் முடியவில்லை. சங்கரவடிவு அவளைக் கூப்பிட்டாள்.

“மாடத்தி, உனக்குப் பத்துக் கூடை போதும்னு ஊர்ல சொல்லச் சொல்லவா?”

“வேண்டாம்மா. இடுப்பு ஒடிஞ்சாலும் இருபதையும் நானே போட்டுருதேன். எங்க மண்ணு கரையில குறைஞ்சா, நாளைக்கு ‘உனக்கு என்ன குளம்’னு கேப்பாங்க.”

ஆவுடையப்பருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா! அவளே சொல்லுதா. ஆளுக்கு ஒரே அளவு.”

“அவ தன்னோட அளவைச் சொன்னா. சரி, உங்க வீட்டுக்கு யாரு மிதிச்சாங்க?”

“ஆளை விட்டு மிதிச்சேன். எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான். நான் சேத்துல கால் வச்சதே கிடையாது.” இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

ஆள் விட்டு மிதிப்பதற்கும் அந்த ஊரில் ஒரு முறை உண்டு. கூலிக்கு மிதிக்கிறவன் முதலில் அந்த வீட்டுக்காக மிதிப்பான். பிறகு மடையில் இறங்கிக் கால் கழுவிவிட்டு வந்துதான் தன் வீட்டுக்கு மிதிக்க வேண்டும். கழுவுகிற வரைக்கும் அந்தக் கால் கூலி கொடுத்த வீட்டுக் கால். மாடத்தியின் கணவன் சுடலைமுத்து இருபத்தைந்து வருஷம் ஆவுடையப்பர் வீட்டுக்கு அப்படி மிதித்தவன். அவர் வயலை உழுததும் அவன்தான். உழும்போது கலப்பைக் கொழு ஏறி வலது கால் சுண்டுவிரல் போய்விட்டது. அதோடும் மிதித்தான்.

“இன்னைக்கு நீங்களே மிதிங்க” என்றாள் சங்கரவடிவு.

“நானா?”

“ஒரே ஒரு எட்டு வச்சாப் போதும். ஒரு வீடு, ஒரு ஆளுன்னு சொன்னீங்களே. அதைக் கரைகிட்டயே சொல்லிருங்க.”

அவர் சிரித்தார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் ஏறினார். சங்கரவடிவும் பின்னால் ஏறி வந்தாள். உடைப்பு வாயில் களிமண் புதிதாகப் பரப்பி வழவழவென்று கிடந்தது. ஒரு காக்கைக்கால் தடம்கூட அதில் இல்லை. காற்று நின்றுவிட்டது. குளத்துக்குள் நின்ற கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிப் போயின. எதற்கென்று தெரியவில்லை.

வலது காலை வைத்தார். களிமண் ஜில்லென்று இருந்தது. முழங்கால் வரைக்கும் உள்ளே இழுத்தது. மெலிந்த உடம்புக்காரர், இவ்வளவு ஆழம் போவதற்கு எடை ஏது? பயந்துபோய்க் காலைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

அவர் கால் வைத்த இடத்தில் அவர் தடம் இருந்தது. அதைச் சுற்றிலும் வேறு தடங்கள் இருந்தன.

வெடித்த குதிகால் ஒன்று. மெட்டி அழுந்திய விரல்கள். வயலில் கிளி விரட்டுகிற பிள்ளையின் கால் மாதிரிச் சின்னதாக ஒன்று, அதற்குப் பக்கத்தில் அதைவிடச் சின்னதாக ஒன்று. எல்லாம் அப்போதுதான் வைத்தது போல ஈரமாக, விளிம்பு கூர்மையாக இருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு தடம் மெதுவாக அழுந்தின. எண்ண ஆரம்பித்தவர் பதினேழில் நிறுத்திவிட்டார்.

பதினேழாவது தடம் ஒரு வலது கால். அதில் நாலு விரல்தான் இருந்தது.

ஆவுடையப்பர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். குனிந்து இரண்டு கையாலும் களிமண்ணை வழித்து அந்தத் தடத்தை மூடினார். மூடின இடம் ஒரு கணம் வழவழவென்று இருந்தது. பிறகு குதிகால் அழுந்தியது. பெருவிரல் அழுந்தியது. ஒவ்வொன்றாக நாலு விரலும் அழுந்தின.

மாடத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தாள். அலறவில்லை. உட்கார்ந்து, அந்தத் தடத்தில் ஊறிய தண்ணீரை விரலால் தொட்டாள்.

“கால் கழுவாமயே போய்ட்டாரும்மா” என்றாள். பிறகு ஆவுடையப்பரிடம் திரும்பினாள். “உங்க வீட்டுக்கு மிதிச்சிட்டு மடையில இறங்கும்போதுதான் ஐயா, நெஞ்சைப் பிடிச்சிட்டு விழுந்தாரு.”

ஆவுடையப்பருக்கு அது தெரியும். சாவுக்கு மாலை அனுப்பியதும் நினைவிருந்தது. அவனுக்குப் பதிலாக மறுநாளே வேறு ஆளை விட்டதும் நினைவு வந்தது. அதற்கு வெட்கப்பட வேண்டும் என்று இத்தனை நாள் தோன்றியதே இல்லை. இப்போது வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

“அம்மா, இது என்ன மாயம்?”

“மாயம் ஒண்ணுமில்ல. உங்க வீட்டுக்கு மிதிச்ச கால், கழுவுற வரைக்கும் உங்க கால். ஊர் வழக்கம்தானே?”

“மத்தவங்க எல்லாரும் கழுவிட்டாங்களே!”

“மண்ணைக் கழுவினாங்க. உங்க வயல்ல பட்ட பாட்டைக் கழுவ முடியுமா?”

சங்கரவடிவு மாடத்தியைப் பார்த்துத் தலையசைத்தாள். மாடத்தி ஈரக் களிமண்ணில் ஒரு எட்டு வைத்து எடுத்தாள். ஒரே ஒரு தடம் இருந்தது. ஆழமும் இல்லை.

கஞ்சி குடித்தவர்கள் திரும்பி வருகிற பேச்சுச் சத்தம் தூரத்தில் கேட்டது. ஆவுடையப்பர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் தைரியம் வந்தவர் போல நிமிர்ந்தார்.

“சரிம்மா. பாக்கி உடைப்பு முழுக்க நானே போட்டுருதேன். ஆயிரம் கூடை ஆனாலும் சரி. மழைக்கு முன்னாடி கரை நிக்கும்.”

“நிக்கட்டும்.”

சொன்ன பிறகு அவருக்கு உடம்பு லேசானது. சொன்னதை இன்னொரு தடவை சொல்லிப் பார்க்க ஆசை வந்தது. பழக்கம் எங்கே போகும்?

“கூட்டத்துல நானே எந்திரிச்சுச் சொல்லுதேன். என் சொந்தத்துல இருந்து இந்த ஊருக்கு நான் குடுக்கேன்னு சொல்லுதேன். கரையில சின்னதா ஒரு கல்லு நட்டுப் பேரு மட்டும் வெட்டிக்கிடலாம்.”

மாடத்தி மறுபடியும் கூடையைத் தலையில் தூக்கினாள். அவளுக்கு இன்னும் ஆறு கூடை பாக்கி இருந்தது.

ஆவுடையப்பர் கரையை விட்டு இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். பத்தடி போயிருப்பார். சங்கரவடிவு மேலே இருந்து கூப்பிட்டாள்.

“பெரியவரே.”

“என்னம்மா?”

“கூட்டத்துல தாராளமாச் சொல்லுங்க. ஆனா ‘என் சொந்தம், நான் குடுக்கேன்’னு வாயைத் திறக்கிறதுக்கு முந்தி, ஒரு தடவை பின்னாடி திரும்பிப் பாத்துக்கிடுங்க.”

ஆவுடையப்பர் நின்றார். திரும்பவில்லை. அவருக்கு ஒரு எட்டுப் பின்னால், காய்ந்த தரையில், ஈரக் கால்கள் பல ஒன்றாக நிற்கும் சத்தம் கேட்டது.