அழித்து எழுதிய பூஜ்யம்

மலையடிவாரத்து மடத்தில் பத்து நாள் மௌனம் இருக்க ஆட்கள் வருவார்கள். தனி அறை, ஒரு பாய், ஒரு பானைத் தண்ணீர். பேச்சு கிடையாது. மனக்கலக்கம் முற்றியவர்களுக்கு அது ஆகாது. தனியாக உட்கார்ந்தால் கலக்கம் இன்னும் கூடிவிடும்.

யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று பார்த்துச் சொல்லும் வேலை தணிகாசலத்துடையது. மில்லில் ஆளெடுக்கும் பிரிவில் முப்பது வருஷம் இருந்து, அறுபதுக்குப் பிறகு சீடரானவர். மடத்தின் குரு செங்கமலத்தம்மாளுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. தியானத்தை அம்மாளிடம் கற்றுக்கொண்டார். சந்தேகத்தை மில்லிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

அவர் ஒரு தாள் தயாரித்திருந்தார். அதில் ஏழு கேள்விகள். தூக்கம் கெடுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, ஏதோ கெட்டது நடக்கப்போவதாகத் தோன்றுகிறதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை, வந்தவர்களே பென்சிலால் மதிப்பெண் போட வேண்டும். கூட்டினால் பத்துக்கு மேல் போனவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஒரு நாள் மதியம் தாளும் கையுமாக அம்மாளிடம் வந்தார்.

"இந்த மாரப்பன் சரியில்லீங்கம்மா. ஏழுக்கும் பூஜ்யம் போட்டிருக்கார்."

"பயமில்லாதவரா இருப்பாரு."

"வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. எல்லாமே முதல்ல மூணு. அழிச்சுட்டுப் பூஜ்யம் போட்டிருக்கார். பொய் சொல்ற ஆளை எப்படி உள்ள விடறது? மூணு மணி பஸ்ல அனுப்பிடறேன்."

அம்மாள் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். அழித்த இடமெல்லாம் தேய்ந்து மெலிந்திருந்தது.

"எப்ப அழிச்சாரு?"

"எனக்கு எதிர்லதான் உட்கார்ந்து எழுதினார். முந்தின ஆளோட தாளைக் கூட்டிச் சொல்லிட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அழிச்சிருக்கணும்."

அம்மாள் எழுந்து வெளியே போனார். தணிகாசலமும் பின்னாலேயே போனார்.

மாரப்பன் வேப்பமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போர்வெல் லாரி ஓட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும். அம்மாளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"சாப்பிட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்கம்மா."

"இதுவும் பொய்," என்றார் தணிகாசலம் அம்மாளின் காதோடு. "காலையிலிருந்து பந்திப் பக்கமே வரலை."

அம்மாள் மாரப்பனைக் கூடத்துக்குக் கூட்டிப்போய், இலை போட்டு, சோறு வைத்து ரசத்தை ஊற்றினார். 'ஆச்சு' என்றவர் மூன்று தடவை சோறு வாங்கினார். தணிகாசலம் அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

"எனக்குக் கதவு சாத்தினா மூச்சு முட்டும்," என்றார் அம்மாள், மோர் ஊற்றிக்கொண்டே. "அதான் என் அறைக்குத் தாழ்ப்பாளே வைக்கலை."

மாரப்பன் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"எனக்குப் போனுங்கம்மா. தம்பி அடிபட்டுச் செத்த சேதி போன்லதான் வந்துச்சு. இப்ப யாரு போன் அடிச்சாலும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. மூணு மாசமாத் தூக்கமில்லீங்க. வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்கம்மா."

சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகையிலும் பொய் இருக்கிறதா என்று தணிகாசலம் உற்றுப் பார்த்தார். இல்லை.

"தனி அறை உங்களுக்கு வேண்டாம். சமையல்கட்டுல நாலு பேரோட பேசிக்கிட்டு இருங்க. நாளைக்கு டவுன்ல டாக்டரையும் பார்த்துட்டு வரலாம்," என்றார் அம்மாள்.

மாரப்பன் கை கழுவப் போனார். தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை.

"பொய் எழுதினவரை இங்கேயே வச்சுக்கறீங்களே அம்மா?"

"அவர் எதிர்ல கூட்டிச் சொன்னீங்களே, அது யார் தாள்?"

"பாவாயின்னு ஒருத்தங்க. மொத்தம் பதினெட்டு. அவங்க தாள்ல ஒரு அழிப்பு கிடையாது. எல்லாத்தையும் உள்ளபடி எழுதியிருந்தாங்க."

அம்மாள் இலையை மடித்து எடுத்தார்.

"உள்ளபடி எழுதினவங்களை எந்த பஸ்ல ஏத்தி விட்டீங்க?"